அழுகையும் ஆர்ப்பாட்டமும் சேர்ந்து வந்தால் எந்த மருந்து?

உங்கள் வீட்டு மருமகள் நாலு நாளாகத் தூங்கவில்லை. விடிய விடியப் பாத்திரம் துலக்குகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள், கையிலிருக்கும் காசையெல்லாம் வாரி இறைக்கிறாள். அதே சமயம் "நான் செத்துப் போறேன், என்னை விட்டுடுங்க" என்று தேம்பி அழவும் செய்கிறாள். இது பேயும் அல்ல, பாசாங்கும் அல்ல. இருதுருவ மனநோயில் எழுச்சியும் சோர்வும் கலந்து வரும் நிலை. வெறும் சோர்வில் கிடப்பவருக்கு எழுந்து நடக்கவே தெம்பிராது. இவருக்கோ சாகும் எண்ணத்தோடு வேகமும் இருக்கிறது. ஆகவே தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

நீங்கள் சொல்வதை வைத்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். நான் அறிந்த ஒரு தாய், "பொண்ணு அழுதுகிட்டே இருக்கா" என்று மட்டும் சொன்னார். தூங்காததையும் கண்டபடி செலவழித்ததையும் சொல்ல அவருக்கு வெட்கம். சோர்வுக்கான மாத்திரை கிடைத்தது. பத்தே நாளில் படபடப்பு இரட்டிப்பாகி, அந்தப் பெண் நடுராத்திரியில் தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டாள். பாதிக் கதைக்குப் பாதி வைத்தியம்தானே! எழுச்சி இருக்கும்போது சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகக்கூடும்.

இந்நிலைக்கு ஒலான்சபின், குயிட்டியாபின் போன்றவற்றில் ஒன்றை டாக்டர்கள் பெரும்பாலும் தொடங்குவார்கள். தூக்கம் சீக்கிரம் திரும்பும். ஆனால் பசியும் எடையும் ஏறும், சர்க்கரையும் கூடலாம். எனவே எடையும் ரத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். லித்தியம் 1949 முதல் வழக்கத்திலுள்ள நல்ல மருந்து. தற்கொலை எண்ணத்தைக் குறைக்கும். கலப்பு நிலையில் அது மட்டும் போதாமல் போவதுண்டு. ரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்காமல் சாப்பிடக் கூடாது. வாந்தி, பேதி, கை நடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

வால்ப்ரோயேட் கலப்பு நிலைக்கு நன்றாகவே கேட்கும். இங்கேதான் குடும்பநலத்தில் வேலை செய்யும் எனக்குக் கவலை. கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று முதுகுத்தண்டிலோ இருதயத்திலோ வேறு உறுப்பிலோ குறையோடு பிறக்கிறது. பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்குப் பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்குகின்றன. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இதைத் தரலாகாது என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமே அறிவுறுத்தியிருக்கிறது. ஏற்கனவே சாப்பிடுகிறவர்கள் பயந்துபோய்த் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பினால் அதுவும் ஆபத்து. டாக்டரைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், அதுவரை கருத்தடை முறையைக் கைவிடாதீர்கள்.

இன்னொன்று: கார்பமசிபைன் சாப்பிட்டால் கருத்தடை மாத்திரையின் பலம் குறைந்துவிடும். அவர்களுக்குக் காப்பர்-டி ஏற்றது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய மாத்திரைச் சீட்டோடு, எத்தனை ராத்திரி தூங்கவில்லை, கடைசியாக மாதவிலக்கான தேதி என்ன என்பதையும் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.