ஒரு டேப்... நாலு பேர்... எத்தனை பூட்டு?

காலையில் மகனுக்கு ஆன்லைன் டியூஷன். பகலில் அப்பாவின் அலுவலக மெயில். ராத்திரி பாட்டிக்கு விட்டுப்போன சீரியல். லீவு விட்டால் அதே டேப்லெட் பெட்டியில் ஏறி ஊட்டிக்கும் திருச்செந்தூருக்கும் வந்துவிடுகிறது. இத்தனை கைகளில் புழங்கும் கருவிக்குப் பல வீடுகளில் ஒரே ஒரு பின் நம்பர்தான். அதுவும் யாராவது ஒருவரின் பிறந்த வருடமாக இருக்கும்!

“எங்க வீட்டுல ஒளிச்சு மறைக்க என்ன இருக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. டேப்லெட்டில் தனிப் பூட்டு போட்டால் மட்டும் சந்தேகப்படுவதாக நினைத்துவிடுகிறோம். ஆனால், இங்கே வரும் தொல்லைகளில் பல, கெட்ட எண்ணத்தால் வருபவை அல்ல. கேமில் வைரம் வாங்கத் தட்டிய குழந்தைக்கு, அப்பாவின் கார்டிலிருந்து பணம் போவது தெரியாது. திரையில் வந்த லிங்க்கைத் தொட்ட பாட்டிக்கு, அது அலுவலக மெயில் என்பதே தெரியாது. கருவி பொதுவாக இருக்கட்டும். கணக்கு ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு: ஏற்கெனவே இருக்கும் வசதி

ஆண்ட்ராய்டு டேப்லெட்களுக்கு இந்த வசதி 2012-ல் வெளியான 4.2 பதிப்பிலேயே வந்துவிட்டது. செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’ என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலான டேப்லெட்களில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனி லாக், தனி ஆப்கள், தனி போட்டோக்கள். விருந்தாளி வீட்டுப் பிள்ளை கேட்டால் ‘கெஸ்ட்’ கணக்கைத் திறந்து கொடுத்துவிட்டு, அவர்கள் கிளம்பியதும் அழித்துவிடலாம். சின்னக் குழந்தைகளுக்கு கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ இருக்கிறது. எந்த ஆப், எவ்வளவு நேரம் என்பதைப் பெற்றோர் தங்கள் போனிலிருந்தே தீர்மானிக்கலாம். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவைப்பது கட்டாயம்.

ஐபேட்: விரலைப் பதியுமுன் யோசியுங்கள்

ஐபேடில் பல பேர் கணக்கு வைத்துக்கொள்ளும் வசதி பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமே, வீடுகளுக்குக் கிடையாது. அதனால் சுற்றுவழிதான். ‘கைடட் அக்சஸ்’ போட்டுக் கொடுத்தால் குழந்தையால் ஒரே ஆப்பைத் தாண்டி வெளியே வர முடியாது. 2024-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 18-லிருந்து மெயில், போட்டோஸ் போன்ற ஆப்களைத் தனித்தனியாகப் பூட்டலாம். ஆனால், இதில் ஓர் ஓட்டை. டச் ஐடியில் ஐந்து விரல் வரை பதியலாம். எந்த விரல் யாருடையது என்று ஐபேட் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆசையாக மகளின் விரலையும் பதிந்துவிட்டால், விரலை வைத்துத் திறக்கும் உங்கள் வங்கி ஆப் அவளுக்கும் திறந்துவிடலாம். பொதுவான ஐபேடில் ஒரே ஒருவர் விரலும் பின் நம்பரும் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவர்களுக்குத் திறந்து கொடுப்பதே சரி. வங்கி, யுபிஐ ஆப்களை அதில் வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது.

அலுவலக மெயில் சேர்க்குமுன்

சொந்த டேப்லெட்டில் அலுவலக மெயிலைச் சேர்த்தால், சில ஏற்பாடுகளில் கருவியையே தொலைவிலிருந்து அழிக்கும் அதிகாரம் அலுவலகத்துக்குப் போய்விடும். வேலையை விட்டு நிற்கும் நாளில் குடும்பப் போட்டோக்களும் சேர்ந்தே போகலாம். ஆண்ட்ராய்டின் ‘ஒர்க் புரொஃபைல்’ முறையில் அலுவலகப் பகுதியை மட்டுமே அழிக்க முடியும். அது கிடைக்குமா என்று உங்கள் ஐடி பிரிவில் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பெட்டி கட்டுமுன்

* தொலைந்த கருவியைத் தேடும் ‘ஃபைண்ட்’ வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபை மட்டுமே உள்ள டேப்லெட், இணையம் கிடைக்காத இடத்தில் தடம் காட்டாமல் போகலாம்.

* லாக் திரையில் மெசேஜ் தெரிவதை நிறுத்துங்கள். பூட்டிய டேப்லெட்டிலும் ஓடிபி பளிச்சென்று தெரிந்தால் பூட்டுக்கு அர்த்தமில்லை.

* சிம் போடும் டேப்லெட் என்றால் ஐஎம்இஐ எண்ணைத் தனியே எழுதி வையுங்கள். தொலைந்தால், போலீஸில் கொடுத்த புகாரின் நகலுடன் மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் முடக்கலாம்.

* பொது இடத்து யுஎஸ்பி துளையில் செருகாமல், சொந்த சார்ஜரில் சார்ஜ் ஏற்றுங்கள்.

* லாட்ஜ் டிவியில் உங்கள் ஓடிடி கணக்கைத் திறந்திருந்தால், அறையைக் காலி செய்யுமுன் லாக் அவுட் செய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பணம் பறிபோனால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தைப் பாதியில் மடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டே கணக்குகளைப் பிரித்துவிடுங்கள். ஏன் பிரிக்கிறோம் என்பதைப் பாட்டிக்கும் பேரனுக்கும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் பூட்டைக் கண்டு கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.