இந்திய மகளிர் லீக் 2

இந்திய மகளிர் லீக் 2 என்பது இந்தியாவில் பெண்கள் கால்பந்தாட்டக் கழகங்களுக்காக நடத்தப்படும் இரண்டாம் நிலைக் கூட்டிணைவுப் போட்டி ஆகும். முதல் நிலைப் போட்டியான இந்திய மகளிர் லீகிற்கு அடுத்த படியில் இது உள்ளது. அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இதனை 2023-24 பருவத்தில் தொடங்கியது.

பின்னணி

இந்திய மகளிர் லீக் 2016-17 பருவத்தில் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் அது ஒரே நகரில் சில வாரங்களில் நடந்து முடியும் தொடராக இருந்தது. இறுதிச் சுற்றுகள் புது தில்லி, லூதியானா, பெங்களூரு போன்ற நகரங்களில் நடைபெற்றன. முதல் நிலையில் நிலையான இடம் என்பது பெரும்பாலான கழகங்களுக்கு இல்லை. நன்றாக ஆடிய கழகமும் அடுத்த ஆண்டு மீண்டும் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இதனால் வீராங்கனைகளுடன் நீண்டகால ஒப்பந்தம் செய்வது கழகங்களுக்குக் கடினமாக இருந்தது.

2023-24 பருவத்தில் முதல் நிலை 7 கழகங்களுடன், சொந்த மைதானத்திலும் எதிரணியின் மைதானத்திலும் ஆடும் முறைக்கு மாறியது. அதே பருவத்தில் இரண்டாம் நிலையும் உருவாக்கப்பட்டது.

போட்டி முறை

மாநில அளவில் சிறந்து விளங்கும் கழகங்கள் இதில் பங்கேற்கின்றன. அவை முதலில் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. குழுநிலையில் தகுதி பெறுபவை இறுதிச் சுற்றில் மோதுகின்றன. அதில் முதல் இரண்டு இடங்களைப் பெறும் கழகங்கள் அடுத்த பருவத்தில் முதல் நிலைக்கு உயர்த்தப்படுகின்றன.

தர உயர்வும் தர இறக்கமும்

- 2023-24: சிறீபூமி (மேற்கு வங்காளம்), நீட்டா கால்பந்து அகாதமி (ஒடிசா) ஆகியவை உயர்ந்தன. சுபோர்ட்சு ஒடிசா கீழிறங்கியது.
- 2024-25: கர்வால் யுனைடெட் (தில்லி), சேசா கால்பந்து அகாதமி (கோவா) ஆகியவை உயர்ந்தன. ஒடிசா எப்சி, ஆப்சு ஆகியவை கீழிறங்கின.

இவற்றுள் ஒடிசா எப்சி 2023-24 பருவத்தில் முதல் நிலையின் வாகையாளர் என்பது குறிப்பிடத்தக்கது. வாகை சூடிய அணியும் அடுத்த பருவத்திலேயே கீழிறங்க நேரலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முதன்மை

8 அணிகள் கொண்ட முதல் நிலையில் 2024-25 பருவத்தில் ஒவ்வோர் அணியும் 14 ஆட்டங்கள் ஆடியது. இரண்டாம் நிலையில் குழுநிலையிலேயே வெளியேறும் கழகத்திற்கு ஒருசில ஆட்டங்களே கிடைக்கின்றன. ஆகவே தர உயர்வு என்பது பெயரளவிலான பெருமை மட்டுமன்று; வீராங்கனை ஆண்டில் எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறார் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. மேலும், முதல் நிலையின் வாகையாளருக்கே 2024-25 இல் தொடங்கிய ஆசிய மகளிர் வாகையாளர் கூட்டிணைவில் ஆடும் வாய்ப்பு உண்டு.

ஐரோப்பாவில் தேசிய அணிகளுக்காக 2023 இல் தொடங்கிய மகளிர் நாடுகள் கூட்டிணைவும் ஏ, பி, சி என்ற மூன்று நிலைகளுக்கிடையே இதே ஏற்ற இறக்க முறையைப் பின்பற்றுகிறது.

தமிழ்நாடு

தேசிய மூத்தோர் மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு அணி 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது. மதுரையைச் சேர்ந்த சேது எப்சி, 2018-19 பருவத்தின் இறுதியாட்டத்தில் மணிப்பூர் காவல்துறை அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீகைக் கைப்பற்றியது. எனினும் 2024-25 பருவத்தில் முதல் நிலையில் ஆடிய தமிழ்நாட்டுக் கழகம் சேது மட்டுமே. இம்மாநிலத்தின் பிற கழகங்கள் முதல் நிலையை அடைவதற்கான வழியாக இரண்டாம் நிலை அமைந்துள்ளது.

இவற்றையும் பார்க்க

- இந்திய மகளிர் லீக்
- சேது எப்சி
- இந்தியப் பெண்கள் தேசிய கால்பந்து அணி