சுவரோரம் நின்ற பிள்ளைகள்

மைதானத்தின் ஓரத்தில்

எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு வேப்பமரமும், அதை ஒட்டி முழங்கால் உயரத்துக்கு இடிந்துபோன ஒரு மதிற்சுவரும் இருந்தன. வாரத்தில் இரண்டு நாள், கடைசி மணி அடித்து வகுப்பு முழுவதும் ஆரவாரத்தோடு விளையாட ஓடுகிறபோது, சிறு வயது முதலே இளைப்பு நோயால் அவதிப்பட்ட நானும், உடம்பு பருத்திருந்த காரணத்தால் எந்தக் கட்சியிலும் சேர்த்துக்கொள்ளப்படாத ஒரு பையனும், மூக்குக்கண்ணாடி உடைந்துவிடுமென்று வீட்டாரால் எச்சரிக்கப்பட்டிருந்த இன்னொருவனும் அந்தச் சுவரில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களுடைய செருப்புகளையும் புத்தகப் பைகளையும் காவல் காத்துக்கொண்டிருப்போம். எங்களை யாரும் கடிந்து பேசியதில்லை. ஆனால் தேகப்பயிற்சி என்ற பெயரால் பள்ளி எங்களுக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஒன்று, மூவரில் ஒருவருக்கும் கிடைக்காமலே சில வருஷங்கள் கழிந்தன.

அதனால்தானோ என்னவோ, இன்று எந்தப் பள்ளியின் மைதானத்தைக் கடந்து சென்றாலும் என் கண் ஓடுகிறவர்களை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கிறவர்களையே முதலில் தேடுகிறது. இயல்பிலேயே வேகமும் உற்சாகமும் வாய்ந்த பிள்ளை பள்ளியில் இடம் கிடைக்காவிட்டாலும் தெருவிலோ ஏரிக்கரையிலோ ஆடிக்கொள்வான். சுவரோரம் நிற்கும் பிள்ளைக்கோ அந்த இரண்டு மணி நேரத்தை விட்டால் வேறு வாசல் கிடையாது. உடற்கல்வி வகுப்பு பிரதானமாக யாருக்காக ஏற்பட்டது என்று என்னைக் கேட்டால், அவனுக்காகவும் அவன் தங்கைக்காகவும்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஒரு நாளைக்கு 60 நிமிஷம்

5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை இயக்க வேண்டும் என்றும், வாரத்தில் 3 நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் உரமூட்டுகிற குதித்தல், ஏறுதல், தொங்குதல் போன்ற பயிற்சிகள் அதில் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. இந்த அளவை எட்டாதவர்கள் எத்தனை பேர் என்று 146 நாடுகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோது, 2016ஆம் ஆண்டின் நிலவரப்படி 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் என்று தெரியவந்தது. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85.

முன் தலைமுறையில் இந்த 60 நிமிஷத்தை யாரும் கணக்கிட்டுக் கொடுக்கவில்லை. பள்ளிக்கு இரண்டு மைல் நடப்பதும், கிணற்றில் நீர் இறைப்பதும், மாலையில் தெரு மண்ணில் கோடு கிழித்துக் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் ஆடுவதுமாக அது தானே நிறைவேறிவிட்டது. இன்று வீட்டு வாசலிலேயே வேன் வந்து ஏற்றிக்கொள்கிறது, மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி, தெருவோ வாகனங்களுக்கு உரியதாகிவிட்டது. வேறெங்கும் கிடைக்காத அந்த இயக்கத்துக்குப் பள்ளி ஒன்றே எஞ்சியிருக்கிறது.

இயங்கும் தசை, இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. பாட்டிக்கும் தந்தைக்கும் சர்க்கரை வியாதி இருக்கும் வீட்டில் வளருகிற பிள்ளைக்கு இது எத்தகைய அனுகூலம் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பு சேமிக்கும் வயது

மனித சரீரத்தில் எலும்பு உரம்பெறும் காலம் ஒன்றுண்டு. அது கடந்துபோனால் மறுபடி வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 12 அல்லது 13 வயதிலும், ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதையொட்டியும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் மிக விரைவாகப் படிகிறது. அந்த உச்சத்தைச் சூழ்ந்த இரண்டே வருஷங்களில், முழு வளர்ச்சி பெற்ற ஒருவருடைய எலும்புத் தாதுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்ந்துவிடுகிறது. அறுபது வயதில் குளியலறையில் வழுக்கி விழும் ஒரு தாயாரின் இடுப்பெலும்பு முறிவதும் தாங்குவதும் அவர் ஏழாம் வகுப்பில் எவ்வளவு குதித்தார் என்பதோடும் சம்பந்தப்பட்டது என்றால் வியப்பாக இருக்கலாம். ஆனால் எலும்பு தன்மேல் விழும் அதிர்ச்சிக்குத் தக்கபடியே தன்னைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. சுவீடன் நாட்டு மால்மோ நகரில் 1999ஆம் ஆண்டு முதல் ஒரு பள்ளியில் தினந்தோறும் 40 நிமிஷம் உடற்கல்வி நடத்தி, வாரத்துக்கு 60 நிமிஷம் மட்டுமே பெற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு வந்தார்கள். நாள்தோறும் ஆடிய பிள்ளைகளின் எலும்பு அதிகம் திரண்டதோடு, வருஷங்கள் செல்லச் செல்ல அவர்களுக்கு எலும்பு முறியும் அபாயமும் மற்றவர்களைவிடக் குறைந்துகொண்டே வந்தது.

கண்ணுக்கும் இதில் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிஷம் திறந்த வெளியில் வகுப்பு நடத்தினார்கள்; மூன்று வருஷம் கழித்துப் பார்க்கையில் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் நூற்றுக்கு 30 பேராகவும், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39க்கு மேலாகவும் இருந்தார்கள். கண்ணாடிக்குப் பயந்து பிள்ளையை நிழலில் உட்காரவைத்த வீட்டாருக்கு வெளிச்சமே மருந்தென்பது அன்று எப்படித் தெரியும்?

பி.டி. பீரியடும் அதன் கதியும்

கால அட்டவணையில் உடற்கல்வி என்று எழுதியிருக்கும்; பரீட்சை நெருங்கியதும் கணக்கு ஆசிரியர் வந்து, பாடம் முடியவில்லை என்று சொல்லி அந்த மணியை எடுத்துக்கொள்வார். அவர்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. ஆயினும் உடற்கல்விக்கு நேரம் கூட்டியதனால் பிள்ளைகளின் மதிப்பெண் குறைந்துவிடுவதில்லை என்பதே பல நாட்டு ஆராய்ச்சிகளும் ஒத்துச் சொல்லும் முடிவு. ஓடியாடி வந்த பிள்ளை அடுத்த வகுப்பில் முன்னிலும் ஊன்றிக் கவனிக்கிறது என்பதை அனுபவமுள்ள எந்த ஆசிரியரும் அறிவார். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்று விதித்திருப்பதோடு, ஆறு முதல் எட்டு வகுப்பு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் பயிலும் இடத்தில் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியரும் வேண்டும் என்கிறது. ஆகவே இந்த மணி நேரம் தலைமையாசிரியரின் தயவன்று, பிள்ளையின் பாத்தியதை.

ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ஆம் ஆண்டிலேயே சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு கல்விச்சாலையைத் தொடங்கினார். அதுவே நந்தனத்தில் இன்றும் நடந்துவரும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. நூறு வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தவர்கள் நம்மிடையே இருந்தும், அவர்களுக்கு ஆண்டு விழா ஊர்வலத்தையும், காலைப் பிரார்த்தனையின் வரிசையையும், மாவட்டப் போட்டிக்குப் பத்துப் பேரையும் மட்டும் ஒப்படைத்துவிட்டு மற்றதை மறந்திருக்கிறோம் என்பது எனக்குப் பெருந்துயரம் தரும் விஷயம்.

சிறந்த உடற்கல்வி வகுப்பு எது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 40 பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி நீளம் தாண்டச் சொல்கிறோம் என்றும், ஒருவர் ஓடிவந்து தாண்ட 15 விநாடி ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடியவே 10 நிமிஷம்; 40 நிமிஷ வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நான்கு தடவை, அதாவது முழுதாக ஒரே நிமிஷம்தான் இயக்கம்; எஞ்சிய 39 நிமிஷமும் வெயிலில் நின்றதே மிச்சம். அதே பிள்ளைகளை நான்கு கூட்டமாகப் பிரித்து, மண்ணில் நான்கு கோடு கிழித்துவிட்டால் முறை நான்கு மடங்காகிறது. தன் முறை வரும்வரை ஒவ்வொரு கூட்டமும் கயிறு தாண்டிக்கொண்டிருந்தால் நிற்கிறவரே இல்லை. சடுகுடுவுக்கும் நொண்டிக்கும் பச்சைக்குதிரைக்கும் காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமான் எதுவுமில்லை. பிடிபட்டவர் உடனே வெளியேறி உட்காரும் ஆட்டங்களில் மட்டும் சிறிது எச்சரிக்கை வேண்டும். பயிற்சி மிக அவசியமான பிள்ளைதான் அவற்றில் முதலில் உட்காருகிறது.

கட்சி பிரிப்பதும் அவ்வாறே. இரண்டு தலைவர்கள் எதிரெதிரே நின்று ஒவ்வொருவராய்ப் பொறுக்கியெடுக்க, கடைசியில் எவரும் கேளாமல் மிஞ்சி நிற்கிற பிள்ளையின் மனம் படும் வேதனையை நான் அறிவேன்; எண்ணிக்கை சொல்லி ஒற்றை இரட்டையாகப் பிரித்துவிட்டால் அது நேர்வதில்லை.

தண்டனையாகிவிட்ட ஓட்டம்

தாமதமாக வந்தவனை மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொல்லுவதும், வீட்டுப்பாடம் எழுதாதவளைத் தோப்புக்கரணம் போடவைப்பதும் பல பள்ளிகளில் சாதாரண வழக்கமாயிருக்கின்றன. ஓடுவது இழிவு என்று பிள்ளையின் உள்ளத்தில் ஒருமுறை பதிந்துவிட்டால், பிற்காலத்தில் எந்த வைத்தியர் நடக்கச் சொன்னாலும் அவனுக்கு அது பழைய அவமானத்தின் நினைவாகவே தோன்றும். தண்டிக்க வேறு வழி தேடிக்கொள்ளட்டும், ஓட்டத்தை விட்டுவிடட்டும்.

பெண் பிள்ளைகள் விலகும் பருவம்

ஆறாம் வகுப்புவரை கோ-கோவில் சிட்டாய்ப் பறந்த பெண், எட்டாம் வகுப்பில் மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள். சோம்பலே காரணம் என்று எண்ணிவிடலாகாது. தாவணியோ துப்பட்டாவோ அணிந்து ஓட இயலாத உடை, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, மதிலுக்கு அப்பால் நின்று பார்க்கும் கண்கள், மாதவிடாய் நாளில் ஆடலாகாது என்ற வீட்டுக் கட்டளை, இவை எல்லாம் சேர்ந்து அவளை உட்காரவைக்கின்றன. அந்த நாட்களில் உடம்புக்கு முடிந்த அளவு ஆடுவதில் யாதொரு தீங்கும் இல்லை. வலி இருந்தால் ஓய்வெடுக்கட்டும். சிறிது ஓடியதுமே களைத்துச் சோர்கிறாள் என்றால் இரத்தச் சோகை இருக்கிறதா என்று பரிசோதித்துவிடுவது நல்லது. மைதானத்தின் ஒரு பகுதியை அவர்களுக்கென்றே ஒதுக்கி, எறிபந்தும் வளைபந்தும் ஆட ஒரு வலையைக் கட்டிக்கொடுத்து, ஆசிரியை ஒருவரும் உடன் இறங்கி ஆடினால், உட்கார்ந்தவர்களில் பலர் எழுந்து வருவார்கள்.

உடல் நலம் குன்றிய பிள்ளைகள்

உச்சி வெயிலில் ஆடவிடாமல் காலையிலோ மாலையிலோ வகுப்பை வைத்துக்கொள்வதும், நடுவே தண்ணீர் குடிக்கச் சொல்வதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இருதய நோயுள்ள பிள்ளைக்கு வைத்தியரின் யோசனை அவசியம். இளைப்புள்ள பிள்ளையோ, நோய் கட்டுக்குள் இருந்து, வைத்தியர் சொன்னபடி ஆட்டத்துக்குச் சற்று முன் மூச்சு மருந்தை இழுத்துக்கொண்டு, மெல்ல மெல்ல உடம்பைச் சூடாக்கிக்கொண்டால், மற்றவர்களைப் போலவே ஆடலாம்; மருந்து கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

என் காலத்தில் அந்த மருந்துக் குழாய் எங்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் புதிதாக வந்த டிரில் மாஸ்டர், முதல் நாளே வேப்பமரத்தடிக்கு வந்து எங்கள் மூவரையும் பார்த்தார். காரணம் ஒன்றும் கேட்கவில்லை. “செருப்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், எழுந்து வாங்கடா” என்றார். கிளித்தட்டுக்குக் கோடு கிழித்திருந்தது. என்னைக் கடைசித் தட்டில் நிறுத்தி, “நீ இந்தக் கோட்டை விட்டு எங்கும் ஓட வேண்டாம்; பக்கவாட்டில் நகர்ந்தால் போதும். மூச்சு வாங்கினால் உட்கார்ந்துகொள், தணிந்ததும் எழுந்துகொள்” என்றார். அன்று நான் இரண்டு முறை உட்கார்ந்தேன். இரண்டு முறையும் எழுந்தேன். மூன்று தட்டையும் கடந்து வந்த ஒருவனை, என் கோட்டில் தொட்டுவிட்டேன்.