சிறிய கார் அபாயமானதா?

கார் வாங்க நினைக்கும் குடும்பங்களில் விலையைப் பற்றிய பேச்சு ஓய்ந்ததும் வேறொரு பேச்சு ஆரம்பமாகிறது. “சின்ன வண்டி தீப்பெட்டி மாதிரி, மோதினால் அப்பளமாய் நொறுங்கிவிடும். கொஞ்சம் கடன் வாங்கியாவது பெரிய வண்டியாக வாங்கிவிடுங்கள்” என்று மாமாவோ மைத்துனரோ யோசனை சொல்கிறார். இந்த யோசனையில் உண்மை எவ்வளவு, பிரமை எவ்வளவு என்று ஆராய்வது நல்லது. விஷயம் உயிரைப் பற்றியதல்லவா?

முதலில் உண்மையைப் பார்ப்போம். 800 கிலோ எடையுள்ள கார் ஒன்றும், 1,600 கிலோ எடையுள்ள கார் ஒன்றும் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரும் புதிருமாக வந்து மோதி ஒட்டிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்துப் பௌதிக பாடத்தின்படி, இரண்டும் சேர்ந்து பெரிய வண்டி வந்த திசையிலேயே ஏறக்குறைய 17 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். பெரிய வண்டி இழந்த வேகம் 33 கிலோமீட்டர். சிறிய வண்டியோ 50 கிலோமீட்டர் வேகத்தையும் இழந்து, பின்னோக்கி 17 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளப்படுகிறது; ஆகவே அதற்கு நேர்ந்த மாறுதல் 67. கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் தாங்க வேண்டிய அதிர்ச்சி இரு மடங்கு!

அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் ஸ்தாபனத்தார் 2009-ம் வருஷத்தில் இதைப் பிரத்தியட்சமாகவே நடத்திக் காட்டினார்கள். ஸ்மார்ட் காரை மெர்ஸிடிஸுடனும், ஹோண்டா ஃபிட்டை அக்கார்டுடனும், டொயோட்டா யாரிஸைக் காம்ரியுடனும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டார்கள். அசையாத தடையில் மோதிய பரீட்சையில் நல்ல பெயர் எடுத்த சிறிய கார்கள் மூன்றும், தம் மூத்த சகோதரர்களுடன் மோதிய பரீட்சையில் தோல்வியடைந்தன. பரீட்சைகளில் வழங்கும் நட்சத்திரங்களைக் கொண்டு சிறிய காரையும் பெரிய காரையும் ஒப்பிடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். தடையில் மோதும் வண்டி தன் சொந்த எடையைத்தான் சமாளிக்கிறது. எதிரே வருகிற வண்டியின் எடையை அல்ல.

இதுவரை மாமாவின் கட்சிதான் ஜயிக்கிறது. ஆனால் வழக்கு இத்துடன் முடியவில்லை.

2014-ம் வருஷம் ஜனவரியில், இந்தியாவில் விற்பனையான ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து சிறிய கார்களைக் குளோபல் என்காப் என்ற ஸ்தாபனம் மோதிப் பார்த்தது. காற்றுப் பை இல்லாத நிலையில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரமே கிடைத்தது. தேசத்துக்கே தலைகுனிவான செய்திதான். ஆயினும் அதனுள் ஒரு பாடம் ஒளிந்திருந்தது. அதே போலோவில் இரண்டு காற்றுப் பைகளை வைத்துச் சோதித்தபோது நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன! வண்டி பெரிதாகிவிடவில்லை; உள்ளே அமைந்த பாதுகாப்புத்தான் வேறு. மேலும், ஐந்தில் இரண்டு வண்டிகளின் கூடு மோதலைத் தாங்கி நின்றது. மூன்றின் கூடு தாங்கவில்லை. முன்பக்கம் மடங்கி அதிர்ச்சியை விழுங்க வேண்டும். மனிதர் அமரும் அறை மாத்திரம் சிதையாமல் நிற்க வேண்டும். நல்ல காரின் லக்ஷணம் இதுவே.

நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 2018-ல், நான்கு மீட்டர் நீளங்கூட இல்லாத நெக்ஸான் என்ற நம் நாட்டுக் கார் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரங்களும் பெற்றது. 2023 அக்டோபர் முதல் பாரத் என்காப் என்ற நமது சொந்தப் பரீட்சையே நடைமுறைக்கு வந்துவிட்டது. நம்மவருக்குத் திறமை இல்லாமலில்லை. கேட்பார் இல்லாமல்தான் இருந்தார்கள்.

பெரிய வண்டி மாத்திரம் போதுமா? 2022 செப்டம்பர் 4-ந் தேதி பால்கர் அருகே, தொழிலதிபர் ஸைரஸ் மிஸ்திரி சென்ற விலையுயர்ந்த மெர்ஸிடிஸ் கார் பாலத்துச் சுவரில் மோதியது. முன் ஆசனத்தில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் ஆசனத்தில் இருந்த இருவரும் மாண்டார்கள். அவர்கள் இடுப்புப் பட்டை அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய இரும்பு செய்ய முடியாததை, ஒரு முழத் துணிப்பட்டை செய்திருக்கக்கூடும்.

இன்னொரு தர்ம சங்கடமும் உண்டு. பெரிய வண்டி தன் எஜமானுக்குத் தருகிற பாதுகாப்பில் ஒரு பகுதி, எதிரே வருகிறவனிடமிருந்து பறித்ததாகும். எல்லோரும் பெரிய வண்டிக்கு மாறினால் யாருக்கு என்ன லாபம்? நடந்து போகிறவனுக்கும் ஸ்கூட்டரில் போகிறவனுக்கும் நஷ்டமே. 2022-ல் நம் தேசத்துச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று நால்வர் ஒரே ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு போகும் குடும்பத்துக்குச் சிறிய கார் அபாயமல்ல, அடைக்கலம்.

ஆகவே, கார் வாங்கப் போகிறவர்கள் நீளத்தையும் அகலத்தையும் அளப்பதற்கு முன், கூடு உறுதியானதா, காற்றுப் பைகள் எத்தனை, எல்லா ஆசனங்களுக்கும் பட்டை உண்டா என்று கேட்கட்டும். வாங்கிய பிறகு, பின் ஆசனத்தில் அமரும் பாட்டி உட்பட எல்லோரும் பட்டையை மாட்டிக்கொண்டாலன்றி வண்டியைக் கிளப்புவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்ளட்டும். வேகத்தைக் குறைப்பதற்கோ காலணாச் செலவுமில்லை. சிறிய வண்டியிலும் நிதானமுள்ளவன் வீடு வந்து சேர்வான்.