பாதரசம் சிந்திய வீட்டில்

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் கைநழுவிச் சிமென்டுத் தரையில் விழுந்து உடைந்தவுடன், கண்ணாடிச் சில்லு யார் காலிலாவது குத்திவிடப் போகிறதே என்று பெரியவர்கள் பதறித் துடைப்பத்தைத் தேடி ஓடுவதும், அந்த அவகாசத்துக்குள் குழந்தைகள் தரையில் குந்தி, உருண்டோடும் துளிகளை விரலால் ஒன்று சேர்ப்பதும் மறுபடி பிரிப்பதுமாக விளையாடத் தொடங்கிவிடுவதும் நம் வீடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் காரியங்கள். இவ்விரண்டில் எது அதிக அபாயம் என்று கேட்டால் பெரும்பாலோர் குழந்தைகளின் விளையாட்டையே சுட்டிக் காட்டுவார்கள். விளையாட்டு தவறுதான், சந்தேகமில்லை. ஆயினும் ஓர் அற்ப விபத்தை மாதக்கணக்கில் வீட்டாரை வருத்தும் தொல்லையாக மாற்றக்கூடியது அந்தத் துடைப்பமே. பெருக்குதல், கழுவுதல், உதறுதல் என்று சுத்தத்தின் பொருட்டுத் தலைமுறை தலைமுறையாக நாம் பழகிவந்த மூன்று நல்ல வழக்கங்களும், பாதரசத்தின் விஷயத்தில் மட்டும் விபரீத பலனையே தருகின்றன.

கண்ணுக்குப் புலப்படாத பங்கு

பாதரசம் தண்ணீரைப் போல் பதின்மூன்றரை மடங்கு கனமுள்ள உலோகம். அது கொதிப்பதற்கு ஏறக்குறைய 357 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும் என்பது உண்மையே என்றாலும், கொடியில் காயும் வேட்டியிலுள்ள நீர் கொதிக்காமலே ஆவியாகிப் போவது போல, பாதரசமும் நாம் வாழும் சாதாரண உஷ்ணத்திலேயே ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை, நாசியில் எரிச்சலும் உண்டாவதில்லை. 20 டிகிரியில் எழும் ஆவி 30 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாகிறது என்பதால், குளிர்நாட்டு வீட்டைவிடச் சித்திரை மாதத்து மாடியறை இதற்கு எத்தனை அனுகூலமான இடம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

அளவைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு தெர்மாமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரையில் பாதரசம் இருக்கும். சுத்திகரிப்புக்குப் பின் ஒரு வீட்டில் மக்கள் மீண்டும் குடியேறலாம் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் கடைப்பிடித்துவந்த எல்லை, ஒரு கன மீட்டர் காற்றில் 1 மைக்ரோகிராம். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீட்டர் உள்ள ஓர் அறைக்குக் கணக்கிட்டால், அந்தக் காற்று முழுவதிலுமாக இருக்கத் தகுந்தது 27 மைக்ரோகிராமே. அரை கிராமோ 5 லட்சம் மைக்ரோகிராம். அத்தனையும் ஒரே நாளில் ஆவியாகிவிடாது என்பது நிம்மதிக்குரிய செய்தியன்று. தரையின் வெடிப்பில் தங்கிவிட்ட துளி நெடுநாள் மெல்ல மெல்ல ஆவியை விட்டுக்கொண்டிருக்கும் என்பதே அதன் பொருள்.

விழுங்கியதும் சுவாசித்ததும்

குழந்தை வாயிலிருந்த தெர்மாமீட்டரைக் கடித்து, பாதரசத்தை விழுங்கிவிட்டது என்று தாய்மார்கள் அலறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவதுண்டு. விசித்திரம் என்னவென்றால், உலோகப் பாதரசத்தை விழுங்குவது அதனைச் சுவாசிப்பதைக் காட்டிலும் மிகமிகக் குறைந்த தீங்கே செய்யும். ஆரோக்கியமான குடலினுள் அதில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட ரத்தத்தில் கலப்பதில்லை; மற்றவை மலத்தோடு வெளியேறிவிடும். அந்த நேரத்தில் வைத்தியர் கவலையெல்லாம் வாயைக் கிழித்த கண்ணாடித் துண்டைப் பற்றியதாகவே இருக்கும். ஆனால் மூச்சில் புகுந்த ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் சேர்ந்து, மூளையைக் காக்கும் தடுப்பையும் கர்ப்பிணியின் நஞ்சுக்கொடியையும் தாண்டிச் சென்றுவிடுகிறது. சரீரத்தில் சேர்ந்ததில் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும்.

மூடிய அறையில் மிகுதியான ஆவியைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள் இருமலும், மூச்சுத் திணறலும், நெஞ்சு வலியும், காய்ச்சலும் காணும். இவை உடனே தெரிந்துவிடுவதால் சிகிச்சைக்கு வழி உண்டு. சிறிது சிறிதாக வாரக்கணக்கில் சுவாசித்தவர்களின் கதியே பரிதாபம். கைவிரல்களில் மெல்லிய நடுக்கம், உறக்கமின்மை, ஈறு வீக்கம், ஞாபகக் குறைவு, காரணமற்ற கூச்சமும் எரிச்சலும் என்று ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் உபத்திரவங்கள் வந்துசேர, வீட்டார் அதனைச் சுபாவக் கோளாறு என்றோ வயதின் விளைவு என்றோ எண்ணி விட்டுவிடுவார்கள். ஜெர்மானிய ரசாயன நிபுணர் ஆல்ஃபிரட் ஸ்டாக், தம் ஆய்வுக்கூடத்துக் கருவிகளிலிருந்து கசிந்த பாதரச ஆவியால் ஆண்டுக்கணக்கில் தலைவலியும் மறதியும் அனுபவித்து, காரணத்தைப் பிற்பாடுதான் கண்டுகொண்டு, 1926இல் உலகத்தாரை எச்சரித்து எழுதினார். அன்றாடம் பாதரசத்தோடு புழங்கிய நிபுணருக்கே அத்தனை காலம் புலப்படாதது குடும்பஸ்தருக்கு எங்ஙனம் புலப்படும்? தரையோடு தரையாகத் தவழும் சிசுக்கள், தம் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பவர்களாதலால், அவர்களைக் குறித்தே முதல் கவலை கொள்ள வேண்டும்.

துடைப்பம் செய்யும் தீங்கு

அரை கிராம் பாதரசம் ஒரே உருண்டையாக நின்றால் அதன் குறுக்களவு சுமார் 4 மில்லிமீட்டர். அதே உருண்டையைத் துடைப்பத்தின் ஈர்க்குகள் ஆயிரம் பொடித் துளிகளாகச் சிதறடித்துவிட்டால், பாதரசத்தின் அளவு கூடாவிட்டாலும் காற்றைத் தொடும் அதன் பரப்பு பத்து மடங்காகிறது. ஆவியும் அதற்குத் தக்கபடி பெருகுகிறது. சிதறிய துளிகளோ கட்டில்காலின் அடியிலும், மொசைக் தரையின் கோடுகளிலும், கதவு நிலையின் சந்திலும் போய் ஒளிந்துகொள்கின்றன. துடைப்பத்தில் ஒட்டியவை மறுநாள் காலையில் வாசல்வரை யாத்திரை போகின்றன. வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம். உறிஞ்சிய பாதரசத்தைச் சூடாக்கி, ஆவியாக்கி, தன் பின்புறத்து வழியே அறை முழுவதும் ஊதிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரையாமல் சாக்கடைக் குழாயின் வளைவில் போய்த் தங்கும். கறை நீக்கும் குளோரின் திரவமும் அமோனியா கலந்த திரவமும் அதனோடு கூடி வேறு விஷங்களை உண்டாக்கக்கூடும். துளி பட்ட துணியைச் சலவை இயந்திரத்தில் போட்டாலோ, இயந்திரமும் மாசுபட்டு, பின்னால் வரும் துணிகளுக்கும் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

நிதானமாகச் செய்ய வேண்டியவை

முதலாவதாகக் குழந்தைகளையும், கர்ப்பிணிகளையும், நாய் பூனைகளையும் அறையைவிட்டு வெளியேற்ற வேண்டும். வெளியேறுவோர் துளியை மிதிக்காமல் பார்த்துக்கொள்வதோடு, செருப்பைக் கதவருகிலேயே விட்டுச் செல்ல வேண்டும். வெளிக்காற்றுக்குத் திறக்கும் ஜன்னல்களைத் திறந்து, வீட்டுக்குள் திறக்கும் கதவைச் சாத்தி, குளிர்சாதனத்தையும் மின்விசிறியையும் நிறுத்திவிட வேண்டும். சுத்தம் செய்ய முன்வருபவர் மோதிரம், வளையல், சங்கிலி முதலிய தங்க நகைகளைக் கழற்றிவிடுவது அவசியம். பாதரசம் பட்ட தங்கம் வெளுத்துப்போய் இற்றுவிடும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் இந்தக் காரியத்தை வேறொருவரிடம் ஒப்படைப்பதே உத்தமம்.

பிறகு ரப்பர் கையுறை அணிந்து, கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கித் தடித்த காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைத் தரைக்குச் சமமாகச் சாய்த்துக் காட்டினால், நின்ற நிலையில் காணாத துளிகளெல்லாம் மினுங்கித் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இரண்டு அட்டைகளால் அவற்றை மெதுவாகத் தள்ளிச் சேர்த்து, கண்மருந்து சொட்டும் குழலால் உறிஞ்சி, திருகு மூடியுள்ள பிளாஸ்டிக் சீசாவில் விட வேண்டும். மிஞ்சிய பொடித் துளிகளை ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுக்கலாம். பள்ளி ஆய்வகங்களில் கந்தகப் பொடி தூவுவது பழைய வழக்கம். அது துளியின் மேற்பரப்பை மாற்றி ஆவியை ஓரளவு குறைக்குமே ஒழிய, பாதரசத்தை எடுத்துவிட்டதாகாது. பாயிலோ மெத்தையிலோ சிந்தியிருந்தால் உதறவே கூடாது; பட்ட பாகத்தை அப்படியே வெட்டியெடுத்துக் கட்டிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாடா, அட்டை, கையுறை உட்பட எல்லாவற்றையும் தடித்த பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, சாதாரணக் குப்பையோடு சேர்க்காமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையோ, அபாயக் கழிவுகளைக் கையாளும் உள்ளாட்சி அலுவலரையோ விசாரித்து ஒப்படைக்க வேண்டும். அதன் பின்னும் ஒரு நாளாவது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.

இந்த உபாயங்களெல்லாம் ஒரு தெர்மாமீட்டர் அளவுக்கே போதுமானவை. பழைய ரத்த அழுத்தக் கருவி ஒன்று உடைந்தால் வெளிப்படுவது 80 முதல் 100 கிராம் வரை. அதாவது தெர்மாமீட்டரைப் போல் நூறு மடங்கு. அதனைச் சொந்தக் கையால் அள்ளப் புகுவது விவேகமாகாது. கதவைச் சாத்தி, வெளியேறி, அதிகாரிகளுக்குத் தகவல் தருவதே கடமை.

தெருவுக்குப் பரவியபோது

2003 அக்டோபரில் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலுள்ள பாலூ உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்திலிருந்து மாணவர்கள் ஏறக்குறைய கால் லிட்டர் பாதரசத்தை எடுத்து, தோழர்களுக்குப் பங்கிட்டார்கள். கால் லிட்டர் என்பது சின்ன அளவு என்று தோன்றும். எடையிலோ மூன்று கிலோவைத் தாண்டும். பள்ளிக்கூடம் ஒரு மாதத்துக்கு மேல் மூடப்பட்டது. காலணியிலும் துணியிலும் ஒட்டிச்சென்ற துளிகளால் பிள்ளைகளின் வீடுகள் பல மாசுபட்டு, குடும்பங்கள் வெளியேற நேர்ந்தது.

இத்தகைய சமயங்களில் நிபுணர்கள் கண்ணை நம்புவதில்லை. மெல்லிய தங்கப் படலத்தில் பாதரசம் படியும்போது அதன் மின்தடை மாறுகிறது என்ற தத்துவத்தில் இயங்கும் கருவியை ஏந்தி, அறை அறையாகக் காற்றை அளக்கிறார்கள். உடுப்புகளையும் காலணிகளையும் பையில் கட்டி, சற்றுச் சூடேறவிட்டு, பைக்குள்ளிருக்கும் காற்றை அளந்து, திருப்பித் தரத் தகுந்தது எது, கழித்துவிட வேண்டியது எது என்று தீர்மானிக்கிறார்கள். வீட்டையும் வேண்டுமென்றே சூடாக்கி, ஒளிந்திருக்கும் பாதரசத்தை ஆவியாக்கி, ஜன்னல் வழியே வெளியேற்றி, மறுபடியும் அளக்கிறார்கள். இவ்வளவும் பலிக்காத இடங்களும் உண்டு. நியூ ஜெர்சி மாகாணத்து ஹோபோகன் நகரில், முன்பு பாதரச ஆவி விளக்குகள் செய்த தொழிற்சாலைக் கட்டடத்தை 1990களில் குடியிருப்பாக மாற்றிக் குடியேறியவர்கள், தரைப்பலகைகளுக்கடியில் பாதரசத் துளிகளைக் கண்டார்கள். 1996இல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். கட்டடத்தைச் சுத்திகரிப்பது சாத்தியமில்லை என்று கண்டு, முடிவில் அதை இடித்தே அகற்றினார்கள்.

நம்மிடத்திலும் இதற்குச் சான்று உண்டு. கொடைக்கானலில் 1983 முதல் நடந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் உடைசல்கள், பாதரசத்தோடு சேர்ந்து 7.4 டன் எடையில், மூஞ்சிக்கல் கடைத்தெருவையொட்டிய பழைய இரும்புக் கிடங்கொன்றில் கொட்டிக் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊராரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொணர்ந்த பிறகே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. மண்ணில் எஞ்சியதை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற எல்லைவரை சுத்திகரித்தால் போதுமா, சோலைக்காட்டையொட்டிய அவ்விடத்துக்கு இன்னும் கடுமையான எல்லை வேண்டாமா என்ற வாதம் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நடந்தது. கடுமையான எல்லையைக் கேட்டவர்கள் பக்கமே நியாயம் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. கொட்டியவர்களின் செலவைக் குறைப்பது மண்ணின் வேலையன்று.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியது

வீட்டில் பாதரசம் சிந்திய சில வாரங்களுக்குள் எவருக்கேனும் நடுக்கமோ, தூக்கமின்மையோ, குழந்தைக்குக் கை கால் சிவந்து தோலுரிவதோ கண்டால், வைத்தியரிடம் முதல் வாக்கியத்திலேயே பாதரசத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் சந்தேகிக்க யாதொரு முகாந்திரமும் இல்லை. சிகிச்சையில் முதன்மையானது அந்த வீட்டுக் காற்றிலிருந்து நோயாளியை அப்புறப்படுத்துவதே. உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டாயினும் அவை தேவையா என்பதைப் பரிசோதனைக்குப் பின் வைத்தியர்தாம் முடிவு செய்வார். ரத்தப் பரிசோதனை அண்மையில் சுவாசித்ததைக் காட்டும் என்றாலும், மீன் மிகுதியாக உண்பவர்களின் ரத்தத்தில் அம்மீனிலுள்ள வேறுவகைப் பாதரசமும் கலந்து கணக்கைக் குழப்பும். ஆதலால் ஆவியைப் பல நாள் சுவாசித்தவர்களுக்குச் சிறுநீர்ப் பரிசோதனையையே வைத்தியர்கள் பெரிதும் நம்புகிறார்கள்.