துலக்கினால் மதிப்பு போச்சு!

பித்தளைச் செம்பு கறுத்துப் போனால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? புளி போட்டுத் தேய்ப்போம். பளபள என்று ஆகிவிடும்.

ஆனால் இங்கிலாந்தில் ஒரு பித்தளைச் சாமானைத் தேய்த்துவிட்டால், "ஐயோ, கெடுத்துவிட்டாயே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பழைய தூண்டில் ரீல்!

மீனை ஏமாற்றும் இறகு

நாம் தூண்டில் முள்ளில் புழுவைக் கோத்துப் போடுகிறோம். மேல்நாட்டில் வேறொரு வகை உண்டு. முள்ளைச் சுற்றி இறகைக் கட்டி, ஈயைப் போலவே செய்துவிடுவார்கள். ஈ என்று நினைத்து மீன் கவ்வும். ட்ரவுட் மீனை இப்படிப் பிடிக்கிறார்கள். (ட்ரவுட் நமக்கும் தெரிந்த மீன்தான். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நீலகிரி ஓடைகளில் விட்டார்கள்.)

முள் குத்தியதும் மீன் ஓடும். இழுத்துப் பிடித்தால் நூல் அறுந்துவிடும். அப்போது ரீல் 'கிர்ர்' என்று சுழன்று நூலை விட்டுக் கொடுக்கும். மீன் களைத்த பிறகு கைப்பிடியைச் சுற்றி இழுக்கலாம்.

அந்தக் காலத்தில் நூல் பட்டு நூல். ஈரத்தோடு வைத்தால் மக்கிவிடும். அமெரிக்காவில் சார்லஸ் ஆர்விஸ் என்பவர் இதற்கு வழி கண்டார். ரீலின் இரு பக்கமும் துளை துளையாகப் போட்டார். காற்றுப் புகுந்து நூல் உலர்ந்தது! 1874-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

துப்பாக்கிக் கடையில் பிறந்தது

இங்கிலாந்தில் அன்னிக் என்ற சிற்றூர். அங்கே 1872-ம் ஆண்டில் வில்லியம் ஹார்டி துப்பாக்கிக் கடை வைத்தார். தம்பியும் சேர்ந்துகொண்டார். பிறகு தூண்டில் சாமான்களில் இறங்கினார்கள். 1891-ல் 'பெர்பெக்ட்' ரீல் விற்பனைக்கு வந்தது. சைக்கிள் சக்கரத்தில் இருப்பது போல உள்ளே சிறு சிறு குண்டுகள்! வழுக்கிக்கொண்டு சுழலும்.

அந்த முதல் பித்தளை ரீல்கள் இன்று ஆயிரக்கணக்கான பவுனுக்கு விலை போகின்றன. வாங்குகிறவர் முதலில் பார்ப்பது, தூண்டில் பிடித்த கை முத்திரை. அடுத்தது திருகாணியின் தலை. அது சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள்! அப்புறம் பழைய நிறம். வெண்கல நிறப் பூச்சு தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. துலக்கி எடுத்திருந்தால்தான் பேரம் படுத்துவிடும். பாட்டனார் ரீலைப் பேரன் ஆசையாகத் துலக்கினால், நஷ்டம் பேரனுக்கே.

யானைக்காக ஒரு சட்டம்

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த ரீல்கள் சிலவற்றின் கைப்பிடி யானைத் தந்தம்! பிரிட்டனில் 2018-ல் தந்தச் சட்டம் வந்தது. 2022 ஜூன் முதல் அமலில் இருக்கிறது. தந்தப் பொருளை விற்கத் தடை. ஆனால் 1947 மார்ச் 3-ந் தேதிக்கு முன் செய்ததாக, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தந்தம் உள்ளதாக இருந்தால், பதிவு செய்து விற்கலாம்.

கைப்பிடியோ சுண்டுவிரல் நுனி அளவு. தந்தம் போன்ற போலிப் பொருளிலும் செய்திருக்கிறார்கள். எனவே இன்று ரீலை விற்க வருகிறவர் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்து, தந்தத்துக்கே உரிய குறுக்கும் நெடுக்குமான மெல்லிய ரேகைகள் தெரிகின்றனவா என்று தேடிக்கொண்டிருக்கிறார்.