மொத்தமாக கரன்ட் போனால் அணு உலை என்ன ஆகும்? நரோராவின் 17 மணி நேரம் சொல்லும் பதில்

வீட்டில் கரன்ட் போனால் ஃபேன் நிற்கும், மோட்டார் நிற்கும். ஊருக்கே கரன்ட் தரும் அணுமின் நிலையத்தில் கரன்ட் போனால்? கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால், அணுமின் துறையினர் அதிகம் பயப்படும் நிலைமைகளில் இதுவும் ஒன்று. வெளியிலிருந்து வரும் மின்சாரமும் போய், உள்ளே இருக்கும் டீசல் ஜெனரேட்டர்களும் கைவிட்டால் அதற்கு 'ஸ்டேஷன் பிளாக்அவுட்' என்று பெயர்.

உலையை ஆஃப் பண்ணினால் போதாதா?

போதாது. ஆஃப் பண்ணுவது சில விநாடி வேலைதான். கட்டுப்பாட்டுக் கம்பிகள் உள்ளே இறங்கினால் அணுப்பிளவு நின்றுவிடும். கரன்ட் போனாலே கம்பிகள் தானாக விழும்படிதான் பல உலைகளில் அமைத்திருக்கிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். யுரேனியம் பிளந்தபோது உருவான துணுக்குகள் கதிரியக்கம் கொண்டவை. அவை சிதைந்துகொண்டே வெப்பத்தை வெளியிடும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதே, அது ஏற்கெனவே வாங்கிய சூடு. உலையோ நிறுத்திய பிறகும் புதுச் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது.

கூடங்குளத்தில் உள்ளது போல 3,000 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட உலையை எடுத்துக்கொள்வோம். நிறுத்திய உடனே அதில் சுமார் 200 மெகாவாட் வெப்பம் இருக்கும். ஒரு மணி நேரத்தில் அது 40 மெகாவாட் அளவுக்கு இறங்கும். ஒரு நாள் கழித்தும் ஏறக்குறைய 15 மெகாவாட் மிச்சமிருக்கும். அதாவது, 7,500 வீட்டு கீசர்களை ஒரே நேரத்தில் போட்டது போல.

இந்தச் சூட்டை வெளியே எடுக்காவிட்டால் தண்ணீர் கொதித்து வற்றும். எரிபொருள் வெளியே தெரியும், பிறகு உருகும்.

கரன்ட் இல்லாமல் தண்ணீர் எப்படி ஓடும்?

பேட்டரிகள் உண்டு. ஆனால் அவை மீட்டர்களுக்கும் வால்வுகளுக்கும்தான் தாங்கும். பெரிய பம்புகளை ஓட்டாது. அப்போ என்ன வழி?

சுடுதண்ணீர் மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். இந்தச் சாதாரண இயற்பியல்தான் கைகொடுக்கிறது. உலையைவிட உயரத்தில் நீராவி ஜெனரேட்டர் இருந்தால், பம்பே இல்லாமல் தண்ணீர் தானாகச் சுற்றி வரும். ஆனால் அந்த ஜெனரேட்டரின் வெளிச்சுற்றில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நரோராவில் நடந்தது என்ன?

1993 மார்ச் 31 அதிகாலை. உத்தரப் பிரதேசத்தின் நரோரா முதல் அலகில் டர்பைன் பிளேடு உடைந்தது. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தது. கேபிள்கள் எரிந்ததால் மாற்று மின்சாரமும் போய்ச் சேரவில்லை. கட்டுப்பாட்டு அறைக்குள் புகை நுழைந்ததால் ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

உலையை உடனடியாக நிறுத்திவிட்டார்கள். பிறகு டார்ச் வெளிச்சத்தில் மேலே ஏறி வால்வுகளைக் கையால் திறந்து, நியூட்ரான்களை விழுங்கும் போரானை உள்ளே விட்டார்கள். தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்புகள் மூலம் நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். மீதி வேலையை இயற்கைச் சுழற்சி பார்த்துக்கொண்டது. சுமார் 17 மணி நேரம் கரன்ட் இல்லை. ஆனாலும் எரிபொருள் உருகவில்லை, கதிரியக்கம் வெளியேறவில்லை.

ஃபுகுஷிமாவில் ஏன் முடியவில்லை?

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் வெளி மின்சாரம் போனதும் டீசல் ஜெனரேட்டர்கள் ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆயின. சுமார் 50 நிமிடத்தில் வந்த சுனாமி, தாழ்வான இடத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின்பலகைகளையும் மூழ்கடித்தது. பல பேட்டரிகளும் போயின. இரண்டாவது உலையில் நீராவியால் ஓடும் பம்ப் ஏறக்குறைய 70 மணி நேரம் தாக்குப்பிடித்தது. அதுவும் நின்ற பிறகு வழியில்லை. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

அதே வளாகத்தில் 5, 6-வது உலைகள் தப்பின. காரணம், தண்ணீர் எட்டாத இடத்தில் இருந்த, காற்றால் குளிரும் ஒரே ஒரு டீசல் ஜெனரேட்டர்.

கூடங்குளத்தில் என்ன ஏற்பாடு?

இங்கே சூட்டை வெளியேற்றக் காற்றையே நம்பும் அமைப்பு ஒன்று இருக்கிறது. நீராவி ஜெனரேட்டரில் உருவாகும் ஆவி, உலைக் கட்டடத்துக்கு வெளியே உயரத்தில் உள்ள குழாய்த் தொகுப்புகளுக்குப் போகும். வெளிக்காற்று பட்டு ஆறித் தண்ணீராகி, தன் எடையாலேயே கீழே திரும்பும். கரன்ட் போனால் காற்றுக் கதவுகள் தானாகத் திறக்கும். பம்ப் தேவையில்லை.

ஆனால் இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. உலையைச் சுற்றும் முதல் சுற்றில் தண்ணீர் இருக்க வேண்டும். குழாய் உடைந்தால், அழுத்தத்தில் தயாராக வைத்திருக்கும் தொட்டிகளிலிருந்து போரான் கலந்த தண்ணீர் உள்ளே பாயும். அது ஒரு முறை தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

ஃபுகுஷிமாவுக்குப் பிறகு, வெளியிலிருந்து ஹோஸ் மாட்டித் தண்ணீர் ஏற்றுவதற்கான இணைப்புகள் இந்திய அணுமின் நிலையங்களில் பொருத்தப்பட்டன. நரோராவில் அவசரத்துக்குக் கைகொடுத்த அதே வழி, இப்போது திட்டமிட்ட ஏற்பாடாகிவிட்டது.